பின்னந்தலைக் காலண்டர்

என் பேரை அழித்துவிட்டார்கள் என்பது எனக்குக் கக்கூஸில்தான் தெரிந்தது.

மார்ச் மாதம். என் முன்னாள் நாத்தனார் வுப்பினாவுக்கு அன்று அறுபது வயது நிறைந்தது. கூடத்தில் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தது. நானும் தின்றேன். இரண்டாவது காப்பி முடிந்ததும் ஒதுங்கப் போனேன். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே பிறந்தநாள் காலண்டர். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் அது அங்கேதான் தொங்கும். அதில் கிழமை கிடையாது, வருஷம் கிடையாது, தேதிகளும் பேர்களும் மட்டும்தான். ஒருமுறை மாட்டினால் தாள் நைந்து விழும்வரை கழற்ற மாட்டார்கள். தினம் தவறாமல் வந்து உட்காருகிற இடத்தில் இருந்தால்தானே யாருக்கு என்றைக்குப் பிறந்தநாள் என்று மறக்காமல் இருக்கும்?

வுப்பினா வீட்டுக் காலண்டரைச் செய்தவள் நான். அவளுடைய வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்கு என் பரிசு. ஒவ்வொரு மாதப் பக்கத்திலும் அந்த மாதம் பிறந்தவர்களின் முகங்களைப் போட்டோவிலிருந்து வட்டமாக வெட்டி ஒட்டி, தேதிக்கு நேரே பேரை என் கையால் எழுதியிருந்தேன். சும்மா இருக்கமாட்டாத கை, பக்கங்களைப் புரட்டியது. நவம்பர் வந்தது. ஒன்பதாம் தேதிக்கு நேரே ‘ஃபென்னா’ என்று இருந்த இடத்தில் வைட்னர். ஒரு தடவை பூசி, காயவிட்டு, அதன்மேல் இன்னொரு தடவை பூசியிருந்தாள், அவ்வளவு அக்கறை. மேலே என் முகம் இருந்த வட்டத்தில் ஒரு பூனை. அவள் வளர்க்கிற பூனை. மீசையும் தானுமாக என்னை உற்றுப் பார்த்தது. அதற்கு நவம்பரில் பிறந்தநாளாம்.

எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. அதே நொடியில் போன நவம்பரும் விளங்கியது.

எங்கள் குடும்பத்தில் பிறந்தநாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. முந்தின நாள் வுப்பினா கக்கூஸில் பார்த்துவிட்டு எல்லா வீட்டுக்கும் போன் போட்டு, நாளைக்கு இன்னாருக்கு என்று சொல்லிவிடுவாள். மறுநாள் சாயங்காலம் எல்லோரும் பின்வாசல் வழியாக வந்து நிற்பார்கள். முன்வாசல் மணியை அடிப்பவர்கள் போலீஸும் பாதிரியாரும்தான். போன நவம்பர் ஒன்பதாம் தேதி நான் இரண்டு ஆப்பிள் கேக் செய்து, பக்கத்து வீட்டிலிருந்துகூட நாற்காலிகள் கடன் வாங்கி வட்டமாகப் போட்டு, பின்கதவைத் தாழ்போடாமல் உட்கார்ந்திருந்தேன். என் மகள் இல்ஸா வந்தாள். நாற்காலி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி, எத்தனை நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்று எண்ணுவதற்காகவே வந்த மாதிரி வந்தாள். வேறு ஒரு ஈ காக்கை வரவில்லை. ஊரில் காய்ச்சல் நடக்கிறது, ரோட்டில் பனி உறைந்திருக்கிறது என்று அவர்களுக்காக நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

என் புருஷனாக இருந்தவன் பேர் ரூலோஃப். வுப்பினாவுக்கு நேர் இளையவன். காற்றாலைக் கம்பெனி வேலைக்காக மேற்கே இருந்து வந்த ஃப்ளூர் என்பவளோடு அவன் போய்விட்டான். போன செப்டம்பரில் பிரிவுப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவன் போனதில் எனக்குப் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. குறட்டைச் சத்தம் இல்லாமல் தூங்குகிறேன். ஆனால் நான் பத்தொன்பது வயதில் அந்தக் குடும்பத்துக்குள் வந்தவள். என் அப்பா அம்மாவுக்கு நான் ஒற்றைப் பிள்ளை. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வுப்பினாவின் பிரசவத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். கடைசிக் கொழுந்தன் லாம்மர்ட் காதல் தோல்வியில் மூன்று மாதம் படுத்துக் கிடந்தது என் வீட்டுச் சோபாவில். இவர்களை விட்டால் எனக்கு மனிதர்கள் கிடையாது. புருஷன் போனால் போகட்டும், இந்தக் கூட்டத்தை நான் விடுவதாக இல்லை.

இதில் எனக்கு ஆறவே ஆறாத சங்கதி ஒன்று உண்டு. நான் முடிதிருத்துகிறவள். வீட்டு கராஜைத்தான் கடையாக்கியிருக்கிறேன். நாற்காலி ஒன்று, தொட்டி ஒன்று, காப்பி இலவசம். அந்தக் குடும்பத்தில் ஒரு தலைகூட வேறு கடைக்குப் போவதில்லை. சொந்தக்காரருக்குப் பாதி விலை, எப்படிப் போவார்கள்? பிரிவுக்குப் பிறகும் வந்தார்கள். வுப்பினா ஐந்து வாரத்துக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தாள். ஜனவரியில் வந்து, தொட்டியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் சூடு பதமாக இருக்கிறது என்று பாராட்டினாள். என் பேரில் வைட்னர் பூசிய கையை நான் போர்த்திய துணிக்குள் மடித்து வைத்துக்கொண்டு பாராட்டினாள். எவ்வளவு கல்நெஞ்சு இருக்க வேண்டும்.

அன்று வட்டத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. பிறந்தநாள் அவளுடையது. பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, விலைவாசியைப் பற்றி அவள் புருஷனோடு பேசிவிட்டு, நல்லபடியாக விடைபெற்று வந்தேன். வீட்டுக்கு வந்ததும் இல்ஸாவைக் கூப்பிட்டுக் கொட்டினேன். அவள் இருபத்துநாலு வயதுக்கு மிகவும் நிதானமானவள், அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

“விட்டுடும்மா. ஒரு காலண்டருக்குப் போயி.”

“காலண்டர் இல்லடி. போன நவம்பர் அந்தக் கேக்கை ஒரு வாரம் நான்தான் தின்னேன்.”



மே மாதத்தில் லாம்மர்ட்டுக்கு ஐம்பது வருகிறது. அழைப்பு வராது, யாருக்கும் வராது. அதனால் எனக்கு மட்டும் வரவில்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. போவது என்று முடிவு செய்துவிட்டேன். கையில் என்ன கொண்டுபோவது என்பதும் தெரிந்துவிட்டது. லாம்மர்ட் வீட்டில் பிறந்தநாள் காலண்டரே கிடையாது. கக்கூஸுக்கு வெள்ளை ஓடு பதித்தபோது அவன் பெண்டாட்டி ஹில்டா பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டாள். யாருக்கு எப்போது என்று அக்காவின் போனை நம்பித்தான் இருந்தார்கள். அக்கா போன் போடாவிட்டால் அவர்களுக்கு நவம்பர் ஒன்பது வெறும் நவம்பர் ஒன்பதுதான்.

செய்யலாம் என்று உட்கார்ந்தால் போட்டோ இல்லை. பிரிவின்போது ஆல்பங்கள் ரூலோஃப் பக்கம் போயின, கரண்டிகள் என் பக்கம் வந்தன. அவனிடம் போய்க் கேட்பதா? அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். இருக்கிறதை வைத்துச் செய்வோம் என்று போனைத் திறந்து பார்த்தேன். இருந்தது எல்லாம் பின்னந்தலை.

வேலை முடிந்ததும் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினால் பாதிப் பேருக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடியைத்தான் கழற்றி வைத்திருப்பார்களே. அதனால் போனில் ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிக் கையில் கொடுப்பேன். எடுத்ததை அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. வுப்பினா, லாம்மர்ட், ஹில்டா, வுப்பினாவின் புருஷன், சித்தப்பா பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள். செப்டம்பருக்குப் பிறகு, கையெழுத்து காய்ந்த பிறகு எடுத்தவையே எல்லோருக்கும் இருந்தன. ஒருவர் பாக்கி இல்லை.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. பிறகு எழுந்து காப்பி போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையல் மேஜையில் கடை பரப்பினேன். பெயின்ட் கடைக்காரர் காலாவதியான வால்பேப்பர் மாதிரிப் புத்தகத்தைச் சும்மாவே கொடுத்தார். கெட்டித் தாள், ஈரம் பட்டாலும் துடைத்துவிடலாம், கக்கூஸுக்கென்றே செய்த மாதிரி. அதில் நல்ல பூப்போட்டதாகப் பார்த்துப் பன்னிரண்டு பக்கம் வெட்டினேன். சீப்பு சோப்பு விற்கிற கடையில் இருக்கிற மெஷினில் போன் படங்களைச் சின்னதாக அச்செடுத்துக்கொண்டேன். ஒரு ரகசியம் சொல்கிறேன், முடிவெட்டும் கத்தரியைத் தாள் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஒரு தாள் வெட்டினால் போதும், கத்தரி செத்துவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வாங்குகிற முனை மழுங்கிய கத்தரி போதும். மேலே இரண்டு துளை போட்டு, குளியலறைத் திரை வளையங்கள் இரண்டை மாட்டினேன். பக்கம் புரட்டினால் நழுவிக்கொண்டு போயிற்று. நல்ல பூங்கொத்து ஒன்றின் காசில் பாதிகூட ஆகவில்லை.

இல்ஸா வந்து தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பசையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யார் தலை எது என்று அவள் கண்டுபிடித்த வேகம் எனக்கே ஆச்சரியம். ஜூலையில் ஒட்டவேண்டிய படத்தை எடுத்ததும் அவள் கை நின்றுவிட்டது. பிடரியில் மச்சம். உச்சியில் ரெட்டைச் சுழி.

“அம்மா, இது அப்பா.”

“ஆமா.”

“அப்பா இங்கயா வர்றாரு? அவருதான் டவுன்ல வெட்டிக்கிறேன்னு சொல்றாரே.”

அந்த ரெட்டைச் சுழியை அடக்கத் தெரிந்த கை இந்த மாகாணத்தில் என் கை ஒன்றுதான். டவுனில் ஒருமுறை வெட்டிக்கொண்டு சேவல் கொண்டையோடு வந்து நின்றான். அதற்குப் பிறகு ஃப்ளூர் வேலையில் இருக்கிற வியாழக்கிழமைகளில், சைக்கிளை வேலிக்குப் பின்னால் படுக்கவைத்துவிட்டு, பின்வாசல் வழியாகக் கமுக்கமாக வருகிறான். வெட்டிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாதே என்று அவன் கேட்டதில்லை, சொல்லமாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்ததில்லை. ஜூலைப் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன்.

ஆகஸ்டில் ஃப்ளூருடைய பிறந்தநாள். அவள் தலை என்னிடம் கிடையாது. கட்டத்தைக் காலியாக விட்டு, தேதிக்கு நேரே பேரை எழுதினேன். அன்பு பொங்கி எழுதினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அவளைப் பிடிக்காது. நான் வுப்பினா இல்லை என்பதைக் காட்டுவதற்காக எழுதினேன்.

கடைசியில் நவம்பர். என் பின்னந்தலையை நான் எங்கே போய் எடுப்பேன்? இல்ஸாவை எடுக்கச் சொன்னேன். அவள் பின்னால் போய் நின்றாள். முன்னால் வரச் சொன்னேன். அந்தக் காலண்டரில் முகம் ஒன்றே ஒன்றுதான், அது என்னுடையது. சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. உட்காருகிறவர்களை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி ஒட்டினேன்.

மே மாதச் சனிக்கிழமை லாம்மர்ட் வீட்டுத் தோட்டத்தில், ஐம்பது ஆனவனுக்கு எங்கள் ஊரில் நிறுத்துகிற வைக்கோல் பொம்மை அவனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றது. பின்வாசல் வழியாக நுழைந்தேன். பேச்சு அப்படியே நின்றுவிட்டது. நான் பாட்டுக்கு வட்டத்தைச் சுற்றிவந்து எல்லோருக்கும் கை கொடுத்தேன். பிறந்தநாள் என்றால் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் வாழ்த்துச் சொல்லவேண்டும், வழக்கம் வழக்கம்தானே. வுப்பினாவிடம், உன் தம்பிக்கு வாழ்த்துகள். ரூலோஃபிடம், உன் தம்பிக்கு வாழ்த்துகள். ஃப்ளூரிடம், உன் கொழுந்தனுக்கு வாழ்த்துகள். அவள் கை சில்லென்று இருந்தது. ஹில்டா ஓடிப்போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்தாள். எல்லோரும் நாற்காலியை நகர்த்தி இடம் விட வேண்டியிருந்தது. நகர்த்தினார்கள்.

கேக் வந்தது. பெண்களுக்கு ஸ்பூனால் தின்கிற முட்டைச் சாராயம் வந்தது. பரிசுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, வட்டம் முழுக்கக் கை மாற்றிப் பார்ப்பார்கள். என்னுடையது வந்ததும் லாம்மர்ட் ஜனவரியைப் பார்த்தான், பிப்ரவரியைப் பார்த்தான், நெற்றியைச் சுருக்கினான்.

“இது யாரு? கழுத்துல மடிப்பு... ஏய், இது நம்ம மச்சான்டா.”

வுப்பினாவின் புருஷன் தன் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான், வட்டம் கலகலத்துவிட்டது. பக்கத்துக்கு ஒரு பந்தயம். இது யார், அது யார், சொட்டை யாருக்கு முந்தி ஆரம்பித்திருக்கிறது என்று காலண்டரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். மார்ச் பக்கத்தில் வுப்பினாகூடக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்னால் இவ்வளவு மெலிந்துவிட்டதா என்று கவலைப்பட்டாள். எனக்கு ஒரு நிமிஷம் பழையபடி அவர்களோடு இருக்கிற மாதிரியே இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே செய்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது. ஆனால் நான் அதற்காக வரவில்லை.

ஜூலை வந்தபோது காலண்டர் ஃப்ளூர் கையில் இருந்தது. சிரித்துக்கொண்டே புரட்டியவள் நிறுத்தினாள். அந்தத் தலையை அவளுக்குத் தெரியாதா? தினம் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிற தலை. ரூலோஃப் முகத்தில் ஈயாடவில்லை. கேக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“டவுன்ல வெட்டிக்கிறேன்னு சொன்னீங்களே,” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

“அது... ஒரு அவசரத்துக்கு,” என்றான் அவன்.

“எட்டு மாசமா அவசரம்,” என்றேன் நான்.

சண்டை வரும் என்று எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவள் பக்கத்தைப் புரட்டினாள். ஆகஸ்ட். காலிக் கட்டம், கீழே அவள் பேர், என் கையெழுத்தில். அதன்மேல் விரலை வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்காமல் வுப்பினாவைப் பார்த்தாள்.

“உங்க வீட்டுக் காலண்டர்ல என் பேரைத் தேடிப் பார்த்தேன். இல்ல. போன ஆகஸ்ட்ல நானும் கேக் செஞ்சு வச்சிருந்தேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மார்ச்சில் என் பேரைக் காணோம் என்ற ஆத்திரத்தில், அவள் பேர் இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. வுப்பினா கழுத்துச் சங்கிலியை முறுக்கினாள். ஒரு வருஷம் போகட்டும் என்று இருந்தாளாம், அவசரப்பட்டு எழுதி என்ன ஆகப்போகிறது என்று பார்த்தாளாம். சொல்லிக்கொண்டே காலண்டரை வாங்கிப் பக்கங்களைத் தள்ளினாள். நவம்பர் வந்துவிட்டது. நான் அவளைப் பார்த்தேன், காலண்டரிலிருந்தும் நாற்காலியிலிருந்தும்.

“இது சரியில்ல ஃபென்னா,” என்றாள். “கல்யாணம் முறிஞ்சா பேரு போயிடும். அதுதான் வழக்கம். நான் உண்டாக்கினது இல்ல.”

“வழக்கம்னா சரி. இதுல இருக்கிற தலையெல்லாம் எப்ப எடுத்ததுன்னு கேளு. அத்தனையும் கையெழுத்துப் போட்ட பிறகு எடுத்தது. ஒருத்தர் விடாம வந்து, என் நாற்காலியில உக்காந்து, என் முன்னாடி தலையைக் குனிஞ்சிருக்கீங்க. அப்ப வழக்கம் எங்க போச்சு? தலையைக் கொடுக்க மட்டும் நான் சொந்தம், கேக் திங்க வர்றதுக்கு மட்டும் நான் யாரோவா?”

“அது வேற, இது வேற.”

“ஒண்ணுதான் வுப்பினா. நான் பிரிஞ்சது ரூலோஃபை விட்டு. உன்னை விட்டு எப்பப் பிரிஞ்சேன்? எந்தக் கோர்ட்டுல கையெழுத்துப் போட்டோம், சொல்லு. உனக்கு வலி எடுத்தப்ப என் கையை நீ நசுக்கின நசுக்குல ரெண்டு வாரம் என்னால கத்தரி பிடிக்க முடியல. அந்தக் கையெழுத்தைத்தான் நீ வைட்னர் போட்டு அழிச்சிருக்க.”

என் குரல் உடைந்துவிட்டது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன். அழுவதற்கும் எனக்கு அங்கே உரிமை உண்டு.

வுப்பினாவுக்கு முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. காலண்டரை லாம்மர்ட்டின் மடியில் போட்டாள். அந்த நவம்பர்த் தாளைக் கிழித்துவிட்டு மாட்டிக்கொள், மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். ஐம்பது வருஷமாக அக்கா சொன்னதற்குத் தலையாட்டியே பழகியவன் லாம்மர்ட். எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் காப்பியைக் குடித்து முடித்தான். கோப்பையைக் கீழே வைத்தான்.

“என் கக்கூசு, என் சுவரு,” என்றான். “ஹில்டா, சுத்தியல் எங்க?”

அவன் ஆணி அடிக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. வெள்ளை ஓட்டில் அடிக்காதே என்று ஹில்டா கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே ஃப்ளூர் என் பக்கம் திரும்பி, காலிக் கட்டத்துக்குத் தன் தலையும் வேண்டுமே, எப்போது வரட்டும் என்று கேட்டாள். எனக்கு அவளைப் பிடிக்காது என்று சொன்னேனே, அப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் தைரியசாலி என்று தெரிந்தது.

“புதன்கிழமை வா. செவ்வாய் வுப்பினாவுக்கு.”

“நான் வரல,” என்றாள் வுப்பினா.

“அப்ப செவ்வாயே வா,” என்றேன் ஃப்ளூரிடம்.

வுப்பினா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டாவது காப்பி வருவதற்கு முன்னால். எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் எழுந்து போனதில்லை, செத்துப்போனாலும் இரண்டாவது காப்பியைக் குடித்துவிட்டுத்தான் சாவோம்.

ஃப்ளூர் செவ்வாய்க்கிழமை வந்தாள். பூனைமயிர் மாதிரி மெல்லிய முடி, எதைச் செய்தாலும் நிற்காது, அதையும் அவளிடம் சொன்னேன். படம் எடுத்தேன், லாம்மர்ட் வீட்டுக்குப் போய்க் கட்டத்தை நிரப்பிவிட்டு வந்தேன். ரூலோஃப் இப்போது சைக்கிளை வாசலிலேயே நிறுத்துகிறான். அவனுக்குச் சொந்தக்காரர் விலை கிடையாது, முழு விலை. சித்தப்பா பிள்ளைகள் வீட்டிலிருந்து, எங்களுக்கும் ஒன்று செய்து தருவாயா என்று கேட்டு வந்தார்கள். பெயின்ட் கடைக்காரர் இன்னும் இரண்டு மாதிரிப் புத்தகம் கொடுத்தார். அத்தனையிலும் நவம்பர் ஒன்பது உண்டு, முகத்தோடு. ஒவ்வொரு கக்கூஸாக நான் குடியேறிக்கொண்டிருந்தேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. ஆனாலும் செவ்வாய்க்கிழமை வந்தால் கை தானாக வுப்பினாவுக்குப் போடுகிற அந்தச் சின்னச் சுருட்டுக் குழல்களைத் தேடியது. மற்ற எல்லா வீட்டிலும் என் பேர் இருந்தும், அந்த ஒரு வீட்டில் இல்லாதது தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு போன் நான் போடவில்லை. அவளும் போடவில்லை. டவுன் கடைக்குப் போகிறாள் என்றும், சந்தைக்குத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வருகிறாள் என்றும் காதில் விழுந்தது.

கோடை முடிகிற சமயத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்கதவு திறந்தது. வுப்பினா. நாற்காலியில் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்தாள். டவுன்காரி அவள் தலையைக் காலிஃப்ளவர் ஆக்கியிருந்தாள். எனக்குச் சிரிப்பும் பாவமும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு, போர்த்துகிற துணியை எடுக்காமல், கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“எழுதிட்டேன்,” என்றாள்.

“எதை?”

“உன் பேரைத்தான். ஒன்பதாம் தேதியில. அவ பேரையும் எழுதிட்டேன்.”

இந்தப் பொம்பளையை எனக்கு முப்பது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் நிலைப்பார்களா மாட்டார்களா என்று பார்க்க, முதலில் பேரை அழிக்கத் தோதாக லேசாக எழுதி வைத்துக்கொள்கிறவள்.

“பேனாவாலயா, பென்சிலாலயா?”

அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துத் தன் மடியைப் பார்த்தாள். 

“பென்சில்.”

“அவளுக்கு என்னவோ செஞ்சுக்க. என் பேரைப் போய்ப் பேனாவால எழுதிட்டு வா. நாற்காலி இங்கதான் இருக்கும்.”

காலிஃப்ளவர் தலையோடு எழுந்தாள். துணியைக் கட்டக்கூட இல்லை. அந்தக் கோலத்திலேயே, ஊர் பார்க்க, சைக்கிளை மிதித்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாகப் போனாள். வருவாளா மாட்டாளா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.  சீப்புகளைத் தொட்டியில் போட்டுக் கழுவினேன், கழுவினதையே மறுபடியும் கழுவினேன்.

அரை மணியில் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். ஆள்காட்டி விரலில் மை ஒட்டியிருந்தது. துணியைப் போர்த்தி, தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னேன்.